தண்ணீர் திரும்பி ஓடிய சனிக்கிழமை

எல்டா ஹாகன் பயந்த சுபாவக்காரி. அது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். பூச்செடி விற்கும் பசுங்குடிலை வாங்குவதற்கு முன்பு அவள் பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தாள். ரயில் பாதை வந்தால் எல்லா ஓட்டுநர்களும் வண்டியை நிறுத்தி, கதவைத் திறந்து, சத்தம் கேட்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தாண்டுவார்கள். எல்டா ஒருமுறை கேட்பாள். பிறகு பிள்ளைகளை வாயை மூடச் சொல்லிவிட்டு மறுபடியும் கேட்பாள். பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் 'ரெண்டு தடவை எல்டா.' வீட்டைப் பூட்டினால் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பாள். சூறாவளி வரும்போல வானம் இருண்டால் நிலவறைக்குள் முதலில் இறங்குவது அவள்தான்.

அப்படிப்பட்டவள் பயப்பட மறந்தது ஒரே ஒரு பொருளுக்கு. அது அவள் குடிலின் பின்சுவரோரம் முழங்கால் உயரத்தில் இருந்த பித்தளை வால்வு.

தெருக்குழாயிலிருந்து குடிலுக்குள் வரும் தண்ணீர் அந்த வால்வைத் தாண்டித்தான் வர வேண்டும். வந்த தண்ணீர் திரும்பி தெருவுக்குப் போகக் கூடாது. அதைத் தடுப்பதுதான் வால்வின் வேலை. உள்ளே ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கதவுகள், நடுவில் தரையைப் பார்த்தபடி ஒரு வாய். கதவு ஏதாவது சரியாக மூடாமல் போனால் உள்ளிருக்கும் தண்ணீரை அந்த வாய் தரையில் கொட்டிவிடும். உரமோ பூச்சிமருந்தோ கலக்கும் இடம் எதுவானாலும் இடத்தின் சொந்தக்காரர் இதை வைத்தாக வேண்டும் என்பது எங்கள் நகராட்சி விதி. வைத்தால் மட்டும் போதாது. ஆண்டுக்கு ஒருமுறை உரிமம் உள்ள ஆளை அழைத்துச் சோதித்து, தேறியது என்ற சான்றை நகராட்சிக்கு அனுப்ப வேண்டும். வால்வு பழுதானால் மாற்றுவதும் சொந்தக்காரர் பாடுதான்.

அந்த வருஷம் பனி உருகத் தொடங்கிய நேரத்தில் வால்வின் வாய் துப்ப ஆரம்பித்தது. முதலில் சொட்டு, பிறகு கைப்பிடி அளவு, பிறகு தரையெல்லாம் ஈரம். நான் அந்தக் குடிலில் வசந்த காலத்துக்கு மட்டும் வேலைக்குப் போகிறவள். துடைப்பமும் கையுமாகவே திரிந்தேன். ஒரு நாள் வாடிக்கையாளர் ஒருவர் வழுக்கி, பெட்டூனியா பூந்தொட்டி அடுக்கைப் பிடித்துக்கொண்டு தப்பினார். எல்டா அன்று முழுக்க அந்த இடத்தையே சுற்றிச் சுற்றி வந்தாள். யாராவது விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டால் என்ன செய்வது என்பதே அவள் கவலை.

அவள் தம்பி கேலன் வந்து பார்த்தான். கையில் எது கிடைத்தாலும் பழுது பார்த்துவிடுவேன் என்று நம்புகிற ஆள்.

"இதுக்குப் போயா இப்படி மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க? தண்ணி வரக்கூடாத இடத்துல தண்ணி வருது, அவ்வளவுதான?" என்றான். மரையுள்ள ஒரு மூடியைத் தேடியெடுத்து அந்த வாயில் திருகி இறுக்கினான். தரை காய்ந்தது. எல்டா அவனுக்கு 'ருபார்ப் பை' என்ற இனிப்புப் பண்டம் சுட்டுக் கொடுத்தாள். வால்வுக்கு முன்னால் பூந்தொட்டிகளை அடுக்கினோம். அத்தோடு அது கண்ணிலிருந்தும் மறைந்தது.

சோதனைக்கு நாள் வந்துவிட்டதென்று நகராட்சியிலிருந்து ஓர் அட்டை வந்தது. பிறகு சிவப்பு எழுத்தில் இன்னொன்று வந்தது. அதில், சோதிக்காவிட்டால் இணைப்பு துண்டிக்கப்படும் என்று இருந்தது. அடுத்து, நகராட்சியில் தண்ணீரைப் பார்த்துக்கொள்ளும் டெல்மர் நேரிலேயே வந்தான். அவனும் எல்டாவும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

"அட்டை வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சு டெல்மர். ஃப்ரிட்ஜுல ஒட்டி வெச்சிருக்கேன். தினமும் அது மூஞ்சிலதான் முழிக்கிறேன்."

"முழிச்சா மட்டும் போதுமா? ஆளக் கூப்பிடணும்ல?"

"அன்னையர் தினம் முடியட்டும்யா. சோதிக்கணும்னா தண்ணிய நிறுத்தணும். வர்ற ஆளு ஏதாவது உதிரி மாத்தணும்னு சொன்னா இன்னும் ரெண்டு நாளு. எனக்கு வருஷ வியாபாரமே இந்த ஒரு வாரம்தான், உனக்குத் தெரியாதா?"

டெல்மர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "சரி, திங்கக்கிழமை. அதுக்கு மேல ஒரு நாளும் கிடையாது. நானே வந்து மூடிட்டுப் போயிருவேன். அப்புறம் அழுதா கேக்க மாட்டேன்."

"நீ மூடுற ஆளு! உன் வீட்டுக் குழாய் சொட்டுதுன்னு உன் பொண்டாட்டி எத்தன வருஷமா புலம்புறா. முதல்ல அத மூடு, போ."

அவன் சிரித்துக்கொண்டே அம்மாவுக்கு ஒரு தொங்கு கூடைப் பூச்செடி வாங்கிக்கொண்டு போனான். தொட்டிகளை நகர்த்தி வால்வைப் பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை. காட்ட அவளுக்கும் தோன்றவில்லை.

அன்னையர் தினத்துக்கு முந்தின சனிக்கிழமை. மதியத்துக்கு மேல் குடிலில் நிற்க இடமில்லை. ஊரிலுள்ள மகன்கள் அத்தனை பேரும் அம்மாவுக்குக் கொடுக்கக் கடைசி நேரத்தில் ஜெரேனியம் பூச்செடி தேடி வந்திருந்தார்கள். எல்டா பின்பக்கம் உரம் கலக்கிக்கொண்டிருந்தாள். பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் உரப்பொடியைக் கொட்டி, ஹோஸ் பைப்பின் நுனியை அடிவரைக்கும் இறக்கி, குழாயைத் திறந்துவிடுவாள். அந்த உரத்தில் சாயம் உண்டு. தண்ணீர் பட்டதும் கரும் நீலமாகிவிடும். அந்தக் கெட்டிக் கரைசலைத்தான் பிறகு நூறு பங்கு நீர்த்துச் செடிகளுக்கு விடுவோம்.

டிரம் நிறையும் நேரத்தில் ஊர்ச் சங்கு அலறியது. ஆற்றங்கரை மரவாடி தீப்பிடித்துவிட்டது. கண்ணாடிச் சுவர் வழியாகவே கரும்புகை தெரிந்தது. எங்கள் ஊரில் தீயணைப்பு ஆட்கள் எல்லோருமே தொண்டர்கள். வரிசையில் நின்ற இரண்டு பேர் செடிகளை அப்படியே வைத்துவிட்டு வண்டிகளுக்கு ஓடினார்கள். பக்கத்து வீட்டுத் தொண்டன் கோல், சட்டைப் பொத்தானைப் போட்டபடி ஓடுவதும் தெரிந்தது. எல்டா கல்லாவுக்கு ஓடிவந்தாள். டிரம்முக்குள் ஹோஸ் பைப் கிடந்தது கிடந்தபடி, குழாய் திறந்தது திறந்தபடி.

சற்று நேரத்தில், நான் செடிகளுக்கு விட்டுக்கொண்டிருந்த பைப்பில் தண்ணீர் நின்றது. அது செத்த பாம்பு மாதிரி தொங்கியது. கீழே ஆற்றங்கரையில் அத்தனை தீயணைப்புக் குழாய்களையும் திறந்துவிட்டார்கள், அதனால்தான் என்று நினைத்தேன். எங்கள் குடில் ஊரின் மேட்டுப்பக்கம், மூன்றாம் தெருவின் தலைமாட்டில் இருக்கிறது. எல்டாவுக்கு அப்போதுதான் டிரம் நினைவு வந்தது. குழாயை மூடப் போனாள்.

"நெட்டி... இங்க வா."

என்னை அவள் சத்தம் போட்டுக் கூப்பிட்டிருந்தால் எனக்கு அவ்வளவு திக்கென்றிருக்காது. அவள் குரலே எழும்பவில்லை.

போய்ப் பார்த்தேன். டிரம்மிலிருந்த நீலம் இறங்கிக்கொண்டிருந்தது. விளிம்பு வரை இருந்தது பாதிக்கு வந்திருந்தது, நாங்கள் பார்க்கப் பார்க்க இன்னும் இறங்கியது. டிரம்மில் ஓட்டையில்லை, தரையில் ஒரு சொட்டு இல்லை. அடியில் யாரோ உறிஞ்சுகுழல் போட்டுக் குடிப்பதுபோல ஒரு சத்தம் மட்டும் கேட்டது.

"எங்க போகுது?" என்று கேட்டேன்.

 எல்டா பைப்பை டிரம்மிலிருந்து பிடுங்கினாள். பிடுங்கிய நுனி காற்றை 'ஸ்ஸ்' என்று உள்ளே இழுத்தது. அந்தச் சத்தத்தில்தான் எனக்கும் புரிந்தது. தண்ணீர் நம்மிடம் வரவில்லை, நம்மிடமிருந்து போகிறது. கீழே இழுக்கிற இழுப்பில் டிரம்மிலிருந்தது பைப் வழியாக, அடைத்து வைத்த அந்த வால்வு வழியாக, தெருக்குழாய்க்குள் போய்க்கொண்டிருக்கிறது.

அவள் தொட்டிகளைக் காலால் எத்தித் தள்ளிவிட்டு, சுவரோரம் இருந்த, குடிலின் தண்ணீர் இணைப்பையே மூடும் பெரிய திருகை இரண்டு கையாலும் பிடித்து மூடினாள். அது துருவேறிக் கிடந்தது. மூடி முடித்தபோது உள்ளங்கை கிழிந்திருந்தது.

பிறகு அசையாமல் நின்றாள். அந்த நிமிஷத்தில் மனதில் ஓடியதை அவளே பிறகு என்னிடம் சொன்னாள். யாரும் பார்க்கவில்லை, தண்ணீரில் யார் பேரும் எழுதியிருக்காது, மரவாடி தீயோடு தீயாக இதுவும் கலந்துபோகும் என்று தோன்றியதாம். ஏப்ரனில் கையைத் துடைக்கிற நேரம் வரைக்கும்தான் அந்த எண்ணம் இருந்தது. துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கோலின் வீட்டுக் கொடியில் குழந்தைத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன.

எங்கள் பக்கம் சோளக்காடு. உரம் இறங்கிய கிணற்றுத் தண்ணீரைக் கைக்குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது என்பது பிள்ளை பெற்ற ஒவ்வொருத்திக்கும் மருத்துவர் சொல்லி அனுப்புகிற பாடம். அந்தத் தண்ணீர் உள்ளே போனால் ரத்தத்துக்குக் காற்றைச் சுமக்கும் சக்தி போய்விடும். உதடு நீலமாகும், நகம் நீலமாகும். கொதிக்க வைத்தால் இன்னும் மோசம். பண்ணை வீட்டுக்காரர்கள் அதற்குப் பயந்து தண்ணீரை விலைக்கு வாங்குவார்கள். ஊருக்குள் இருப்பவர்களுக்கு அந்தப் பயம் கிடையாது. நகராட்சித் தண்ணீர் நல்ல தண்ணீர்.

"டெல்மருக்குப் போன் போடு," என்றாள் எல்டா. "எங்கிட்டேருந்துதான் போச்சுன்னு சொல்லு. என் பேரச் சொல்லு நெட்டி, மறைக்காத. இங்க இருக்கிறவங்க எல்லாரையும் தெருவுக்கு அனுப்பு. ஒருத்தரும் தண்ணி குடிக்கக் கூடாது." சொல்லிக்கொண்டே வேலியைத் தாண்டி ஓடினாள். அவள் ஓடி நான் அதுவரை பார்த்ததில்லை.

டெல்மர் ஆற்றங்கரையில் தீயணைப்புக் குழாய்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். போனில் நான் சொன்னதை முழுக்கக் கேட்டான். பின்னால் மரம் வெடிக்கிற சத்தம் கேட்டது.

"அந்த வால்வு தரையில கொட்டியிருக்கணுமே? ஏன் கொட்டல?"

"கேலன் அத அடைச்சுட்டான்."

"அடப் பாவிங்களா!" என்றான். "நான் மூணாந்தெரு வால்வ மூடறேன். நீ கதவு கதவாத் தட்டு. காப்பி போட்டிருந்தாலும் கொட்டச் சொல்லு. நாய்க்குக்கூட வெக்கக் கூடாது."

கல்லா அருகே போய், தெருத் தண்ணீரில் உரம் கலந்துவிட்டது என்று கத்தினேன். வரிசையில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு ஜெரேனியங்களைத் தரையில் வைத்துவிட்டு ஒருத்தர் பின் ஒருத்தராகத் தெருவில் இறங்கினார்கள். மூன்றாம் தெரு முழுக்கக் கதவு தட்டுகிற சத்தம்.

எல்டா கோலின் வீட்டுக்குள் தட்டாமலேயே நுழைந்திருக்கிறாள். கோலின் மனைவி கிர்ஸ்டா, சோபாவில் சாய்ந்து குழந்தையைத் தோளில் போட்டு ஏப்பம் வரத் தட்டிக்கொண்டிருந்தாள். குழந்தை தூங்குவதற்காகத் திரைகள் மூடியிருந்தன.

"கிர்ஸ்டா, பால் பவுடர் கலக்கினியா? இப்பக் கலக்கினியா?"

"என்ன எல்டா, என்னாச்சு? கோலுக்கு ஏதாவது..."

"கோல் நல்லாருக்கான். பால் எப்பக் கலக்கின, சொல்லும்மா."

"இப்பத்தான். தண்ணி நூல் மாதிரி வந்துச்சு. புட்டி நிறையறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சு. ஏன்?"

எல்டா புட்டியை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போய்த் திரையை இழுத்தாள். அடியில் மிச்சமிருந்த பால் வெள்ளையாக இல்லை. கலங்கிய வானத்தின் நிறத்தில் இருந்தது. சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்தாள். வெள்ளைக் கழுவு தொட்டியில் நீலத் தண்ணீர் வழிந்தது.

கிர்ஸ்டா பின்னாலேயே வந்து அதைப் பார்த்தாள். அவள் கத்தவில்லை. "எவ்வளவு குடிச்சான்னு எனக்குத் தெரியல," என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். "பாதி இருக்கும். பாதிக்கு மேலயா? கொஞ்சம் கக்கினான். எவ்வளவுன்னு தெரியல எல்டா."

குழந்தை ஹென்ரிக் அதுவரைக்கும் நன்றாகத்தான் இருந்தான். ஊரில் ஒரே ஓர் ஆம்புலன்ஸ். அது மரவாடியில் நின்றது. அழைத்தால் வரும், ஆனால் தீயைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். எல்டா தன் காரையே எடுத்தாள். மருத்துவமனை பக்கத்து ஊரில். புறப்பட்டபோதே தொலைபேசியில் அவர்களிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். 'உரம், நைட்ரேட், கைக்குழந்தை' என்று மூன்று சொல்தான் வாயில் வந்ததாம்.

அந்தப் பயணத்தைப் பற்றி இருவரும் தனித்தனியாக என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். இருவரும் ஒரே மாதிரி சொன்னார்கள்.

"உதடு எப்படி இருக்கு?" என்று எல்டா கேட்டுக்கொண்டே ஓட்டினாள்.

"தெரியல. கார்க்குள்ள எல்லாமே ஒரு மாதிரியாத்தான் தெரியுது."

"வெளிச்சத்துல காட்டு. ஜன்னல் பக்கம் திருப்பு."

"அழ மாட்டேங்கிறான் எல்டா. எப்பவும் கார்ல ஏத்தினா அழுவான். ஏன் அழ மாட்டேங்கிறான்?"

ஊர் எல்லையில் ரயில் தடுப்புக் கட்டை இறங்கியது. தானியப் பெட்டிகள் கோத்த சரக்கு ரயில், அது பாட்டுக்கு ஊர்ந்து வந்தது. அதற்கு வாலே இல்லை போலிருந்தது. கிர்ஸ்டா பின்னாலிருந்து முன் இருக்கையைக் குத்தினாள். "தாண்டுங்க! கட்டையச் சுத்திக்கிட்டுப் போங்க! எஞ்சின் இன்னும் வரல, போங்க!"

எல்டாவின் கால் பிரேக்கைவிட்டு எழுந்தது. திரும்பவும் பிரேக்கில் அமர்ந்தது. எஞ்சின் கண்ணுக்கு முன்னால் கடந்தது. அப்போது கிர்ஸ்டா சொன்ன வார்த்தைகளை நான் இங்கே எழுத மாட்டேன். எல்டா வண்டியைப் பின்னுக்கு எடுத்தாள். சோளக்காட்டு நடுவே ஒரு சரளைப் பாதை, கொஞ்ச தூரம் போனால் ரயில் பாலத்துக்கு அடியில் நுழையும். பேருந்து ஓட்டிய காலத்தில் மழை பெய்தால் அவள் அந்தப் பக்கமே போக மாட்டாள். இப்போது கார் அந்தச் சரளையில் வழுக்கி வழுக்கிப் பறந்தது. கண்ணாடியில் கற்கள் அடித்தன. பாலத்தடிச் சேற்றில் ஒருமுறை பின்சக்கரம் சிக்கிச் சுழன்றது. பிறகு சக்கரம் பிடித்துக்கொண்டது.

மறுபக்கம் வெயிலில் வெளியே வந்ததும் கிர்ஸ்டா குழந்தையின் முகத்தைப் பார்த்தாள். உதட்டைச் சுற்றிக் கோடு கிழித்ததுபோல நீலம். விரல் நுனிகளிலும் நீலம்.

"எல்டா," என்றாள், "நீலமாயிருச்சு."

எல்டா திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் வண்டியை ஓட்ட முடியாது என்று தெரிந்தது. "பேசிக்கிட்டே இரு. அவன் பேரச் சொல்லிக் கூப்பிடு. தூங்க விடாத," என்றாள். மிச்ச வழி முழுக்க அந்தப் பெண் 'ஹென்ரிக், ஹென்ரிக்' என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தாள்.

மருத்துவமனை வாசலில் ஆட்கள் காத்திருந்தார்கள். குழந்தையின் குதிகாலில் எடுத்த ரத்தம் சிவப்பாக இல்லை. சாக்லேட் நிறத்தில் இருந்தது. ஆக்சிஜன் வைத்தார்கள். பிறகு நர்ஸ் ஒரு ஊசியோடு வந்தாள். ஊசிக்குள் இருந்த மருந்து, டிரம்மில் இருந்ததைவிடக் கருத்த நீலம்.

கிர்ஸ்டா குழந்தைமேல் கவிழ்ந்து விழுந்தாள். "வேண்டாம்! இன்னும் நீலமா? யாரும் கிட்ட வராதீங்க!"

மருத்துவர் இளம்பெண். கிர்ஸ்டாவின் அருகே முழந்தாளிட்டு உட்கார்ந்தாள். "இதுதான்மா மருந்து. பார்க்க அது மாதிரியே இருக்கும், ஆனா ரத்தத்த மறுபடி வேலை செய்ய வைக்கிறது இதுதான். என்னை நம்புங்க. நேரமில்ல."

கிர்ஸ்டா மருத்துவரைப் பார்க்கவில்லை. அறை வாசலில் நின்ற எல்டாவைப் பார்த்தாள். எனக்கு அந்தப் பார்வையைத் தாங்கும் தகுதி இல்லை, ஆனாலும் தலையசைத்தேன் என்று பிறகு சொன்னாள் எல்டா. கிர்ஸ்டா கையை எடுத்தாள்.

மருந்து இறங்கிக் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் ஹென்ரிக்கின் உதடு முதலில் சாம்பலாகி, பிறகு வெளிறி, பிறகு இளஞ்சிவப்பானது. அவன் வீரிட்டு அழுதான். நடைக்கூடத்தில் நின்ற எல்டா சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். புகை அப்பிய முகத்தோடு கோல் ஓடிவந்தபோது அவள் அப்படியே கிடந்தாள். அவன் அவளைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனான்.

மறுநாள் குழந்தையின் இடுப்புத் துணி பச்சையாக நனைந்தது. மருந்தின் நிறம்தான், பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். அடுத்தடுத்து நனைந்த துணிகளில் பச்சை மறையும்வரை கிர்ஸ்டா அதை நம்பவில்லை.

தெருவில் வேறு யாருக்கும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. இரண்டு பேருக்கு வாந்தி, வயிற்றுவலி. டெல்மர் குழாய்களைத் திறந்து தெருவே நீலமாக ஓடும்படி கழுவிவிட்டான். சோதித்துச் சோதித்து, சரியென்று சொல்லும்வரை லாரியில் வந்த தண்ணீரைத்தான் குடித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை டெல்மர் எங்கள் கண்முன்னால் அந்த வால்வைப் பிரித்தான். உள்ளே இரண்டு கதவுகளும் துருச்செதில் சிக்கி, ரப்பர் கிழிந்து, மூடாமல் கிடந்தன. கேலன் மூடியைத் திருகிய இடத்தை டெல்மர் விரலால் தட்டினான்.

"இது துப்புச்சுல்ல? உள்ள கெட்டுப்போச்சு, வந்து பாருன்னு உன்னக் கூப்பிட்டிருக்கு. நீங்க அக்காவும் தம்பியும் சேர்ந்து அது வாய அடைச்சிருக்கீங்க."

கேலன் தலை குனிந்து நின்றான். "எனக்கென்ன தெரியும், ஒழுகுதுன்னு..."

"தெரியாதுன்னா தொடாம இருக்கணும்," என்றான் டெல்மர்.

"அவனத் திட்டாத," என்றாள் எல்டா. "என் இடம். என் வால்வு. அடைச்சதும் பை சுட்டுக் கொடுத்தது நான்தான்."

டெல்மர் வண்டிக்குப் போகும் வழியில் அவளைத் தனியாகக் கூப்பிட்டான். நான் தொட்டிகளை நிமிர்த்திக்கொண்டிருந்ததால் காதில் விழுந்தது. "எல்டா, அந்தத் திங்கக்கிழமை விஷயம்... நான் விட்டுக் கொடுத்தேன்ல. மன்றத்துல கேப்பாங்க. எனக்குப் பென்ஷனுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு."  எல்டா, "நீயா சொல்லாத வரைக்கும் நான் சொல்ல மாட்டேன்," என்றாள்.

நகராட்சி மன்றக் கூட்டத்தில் உட்கார இடமில்லை. எல்டா எழுந்து நடந்ததையெல்லாம் சொன்னாள். எதையும் விடவில்லை. கெடு முடிந்தும் தண்ணீரை ஏன் துண்டிக்கவில்லை என்று ஓர் உறுப்பினர் கேட்டபோது அவள் வாயை மூடிக்கொண்டாள்.  பின்வரிசையில் டெல்மர் எழுந்தான். "நான்தான் ஒரு வாரம் விட்டேன். பூக்கடைக்காரி பாவம்னு விட்டேன்," என்றான். அவனை ஒரு மாதம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். பென்ஷனில் கைவைக்கவில்லை.

கோல் கடைசியாகப் பேசினான். எல்டாவைப் பார்த்தே பேசினான். "நாங்க தீயணைக்கப் போனது உங்க எல்லாருக்காகவும். நான் திறந்த குழாய்தான் என் புள்ளைக்கு விஷத்த இழுத்துக் குடுத்திருக்கு. இத நான் எங்க போய்ச் சொல்றது?" 

எல்டாவின் இணைப்பைத் துண்டித்தார்கள். புது வால்வு வாங்கிப் பொருத்தி, அது சோதனையில் தேறும்வரை ஒரு சொட்டு கிடையாது. அந்தச் சில நாளிலேயே தக்காளி நாற்றுகளும் பெட்டூனியாக்களும் தட்டுத்தட்டாகக் காய்ந்தன. அபராதமும் ஹென்ரிக்கின் மருத்துவச் செலவும் சேர்ந்து பாதிக் குடிலை விற்க வைத்தன. சிலர் அவளிடம் செடி வாங்குவதை நிறுத்தினார்கள். சிலர் அவள்மேல் பரிதாபப்பட்டே வாங்க வந்தார்கள். இரண்டு கூட்டத்தையும் அவளால் நேருக்கு நேர் பார்க்க முடியவில்லை. விற்றுவிட்டு மகள் ஊருக்குப் போய்விடலாம் என்று ஒரு கோடை முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். போகவில்லை. போனால், வால்வைப் பற்றி ஒன்றும் தெரியாத எவனோ இந்த இடத்தை வாங்குவான் என்ற பயம் அவளைப் போகவிடவில்லை.

டிரம்மை நிரப்பும் விதத்தையே மாற்றினாள். இப்போது குழாய், டிரம்மின் விளிம்புக்கு மேலே ஒரு சாண் உயரத்தில், எதையும் தொடாமல் நிற்கிறது. தண்ணீர் அங்கிருந்து காற்றில் விழ வேண்டும். ஹோஸ் பைப் எதுவும் டிரம் பக்கம் வரவே கூடாது. ஒருமுறை நான் மறந்துபோய்ப் பைப்பை அதன் விளிம்பில் போட்டுவிட்டேன். எல்டா அலறிய அலறலில் வாடிக்கையாளர்கள் வாசலுக்கு ஓடிவிட்டார்கள்.

மறு வசந்தத்தில், கெடுவுக்கு வெகு முன்னாலேயே, உரிமம் உள்ள சோதனைக்காரர் வந்தார். வால்வின் மேல் சிறு குழாய்களை மாட்டி, முள் காட்டும் அளவுமானியைத் தொங்கவிட்டார். எல்டா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போது வேலிப் பக்கம் யாரோ வரும் சத்தம். கிர்ஸ்டா. இடுப்பில் ஹென்ரிக், முன்பற்கள் இரண்டு முளைத்திருந்தன. அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அவள் குடிலுக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

"நான் பார்க்கலாமா?" என்றாள். கேட்டது சோதனைக்காரரிடம்.

"தாராளமா. இந்த முள்ளப் பாருங்க. இது இந்தக் கோட்டுக்குக் கீழ இறங்கக் கூடாது."

முள் நின்றது. அவர் இரண்டாவது கதவைச் சோதித்தார். அதிலும் நின்றது. பிறகு கீழ் வாயைத் திறக்க வைத்தார். அது திறக்க வேண்டிய நேரத்தில் திறந்து, ஒரு குவளை அளவு தண்ணீரைத் தரையில் கொட்டியது. எல்டாவும் கிர்ஸ்டாவும் ஒரே நேரத்தில் பின்னால் நகர்ந்தார்கள்.

"தேறிருச்சு," என்றார்.

கிர்ஸ்டா முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இந்த ஊர்ல இது மாதிரி இன்னும் எத்தன எடத்துல இருக்கு?"

"நிறைய. கார் கழுவுற இடம், பல் டாக்டர், சலவைக் கடை, இறுதிச் சடங்கு செய்யிற வீடு, உங்க பள்ளிக்கூடத்து பாய்லர்..."

"எல்லாத்தையும் சோதிச்சாச்சா?"

அவர் தோளைக் குலுக்கினார். "என்னக் கூப்பிட்டவங்களது சோதிச்சாச்சு."

கிர்ஸ்டாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். எல்டாவும் பார்த்தாள். இரண்டு பேர் முகத்திலும் ஒரே பயம். அந்த ஒரு வருஷத்தில் அவர்கள் ஒருவரையொருவர் நேராகப் பார்த்துக்கொண்டது அப்போதுதான்.

"புள்ளைய இப்படிக் குடு, கை வலிக்கும்," என்றாள் எல்டா.

கிர்ஸ்டா கொடுக்கவில்லை. ஆனால் போகவும் இல்லை. "சலவைக் கடைக்காரன உங்களுக்குத் தெரியும்தான?" என்றாள்.

"நான் பள்ளி பஸ்ல கூட்டிட்டுப் போன பய."

"அப்ப வாங்க. அவனுது சோதிச்சாச்சான்னு ரெண்டு பேரும் போய்க் கேப்போம்."

எல்டா ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். என்னைக் கல்லாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கிர்ஸ்டாவின் பின்னால் ஓர் எட்டு இடைவெளி விட்டுத் தெருவில் இறங்கி நடந்தாள்.